நியூரம்பர்க்கா, வியன்னாவா, ரோமா? பிள்ளைகளோடு ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ்

நம் ஊரில் அரையாண்டுத் தேர்வு முடிய டிசம்பர் 23 ஆகிவிடும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தையை 24-ஆம் தேதி மதியம் 2 மணிக்கு மூடிவிடுவார்கள். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்காமல் நாங்கள் டிக்கெட் போட்டதுதான் இதை எழுதவே காரணம்.

23 ராத்திரி கிளம்பி, 24 காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து, பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு, நாலு வயசுக்காரனைத் தூக்கிக்கொண்டு ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்துக்கு ஓடினோம். மணி ஒன்றே முக்கால். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணிக்கூரைகள் வரிசையாக இருந்தன, படத்தில் பார்த்த அதே கூரைகள். ஆனால் பாதிக் கடைகளில் பலகை சாத்தியாயிற்று. ஒரு கடைக்காரப் பெரியவர், கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர், என் மகள் நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒரு லெப்கூகன் எடுத்துக் கொடுத்தார். இஞ்சி, பட்டை, கிராம்பு மணக்கும் கேக் மாதிரியான பிஸ்கட். காசு வாங்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த இரண்டு நாளும் ஊர் கப்சிப். 25, 26 இரண்டும் அங்கே அரசு விடுமுறை, கடைகள் கிடையாது, நாங்கள் ரவையும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்ததால் பிழைத்தோம். 25 மதியம் 12 மணிக்கு அந்தச் சதுக்கத்திலேயே இருக்கும் மாதா கோயில் கடிகாரத்தில் பேரரசரைச் சுற்றி ஏழு பொம்மைகள் வலம் வந்தன. 1509-இல் செய்த கடிகாரம். அன்றைக்கு ஊரில் நடந்த ஒரே நிகழ்ச்சி அதுதான்.

யார்மேலும் தப்பில்லை, எங்கள் மேல்தான். தீபாவளிக் கூட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு தீபாவளியன்று காலையில் ரங்கநாதன் தெருவுக்குப் போய் நின்றால் என்ன இருக்கும்? அதேதான். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் கிறிஸ்துமஸ் என்று நாம் படத்தில் பார்ப்பதெல்லாம் அதற்கு முந்தின நாலு வாரம். 24 சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், வெளியே சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான் மிச்சம்.

இப்போது என் தங்கை ஆறு வயசுப் பையனோடு போக நினைக்கிறாள். எந்த ஊர் நல்ல ஊர் என்று கேட்கிறாள். நான் அவளிடம் திருப்பிக் கேட்டது, "எந்தத் தேதிடி?"

சரி, முதலில் டிசம்பர் முதல் மூன்று வாரத்தில் போகமுடிகிறவர்களுக்கு. வளைகுடாவில் இருப்பவர்கள், இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத குழந்தை உள்ளவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். உங்களுக்கு நியூரம்பர்க்தான், யோசிக்கவே வேண்டாம். சந்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு வருகிறதே, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை திறக்கும். கிறிஸ்ட்கிண்ட் என்று வெள்ளையும் பொன்னுமாக உடுத்தி, கிரீடம் வைத்த ஒரு பெண் கோயில் மாடத்தில் நின்று வரவேற்புக் கவிதை சொல்லித் திறந்துவைப்பாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 16 வயசிலிருந்து 19 வயசுக்குள் உள்ள உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள். பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிச் சந்தை: இரண்டடுக்குக் குடை ராட்டினம், சின்ன ராட்சச ராட்டினம், நீராவி ரயில். பெரிய சந்தையில் பெரியவர்கள் சூடான ஒயின் கோப்பையோடு முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது இங்கே ஓரளவு மூச்சு விடலாம். உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோத்து உடம்பாகவும் அக்ரூட்டைத் தலையாகவும் வைத்துச் செய்யும் பொம்மைகள் இந்த ஊரின் விசேஷம். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835-இல் இங்கிருந்துதான் பக்கத்து ஊரான ஃபூர்த்துக்கு ஓடியது, அதனால் ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பொம்மை அருங்காட்சியகமும் இருக்கிறது. மழை பெய்தாலும் பொழுது போகும்.

பிரான்ஸ் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க் இன்னும் அழகு என்பார்கள். இருக்கலாம். 1570-லிருந்து நடக்கும் சந்தை, அந்த ஊரே தன்னைக் கிறிஸ்துமஸின் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. ஆனால் சனி ஞாயிறு மாலையில் அந்தத் தெருக்களில் தள்ளுவண்டியோடு போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் கண்ணுக்குப் பெரியவர்களின் கோட்டு முதுகு மட்டும்தான் தெரியும். அரை மணி ரயில் தூரத்தில் இருக்கும் கோல்மார் சின்ன ஊர், அங்கே கிறிஸ்துமஸுக்கு அப்புறமும் சில நாள் சந்தை இருக்கும் என்பது கூடுதல் வசதி.

இனி நம் கதை. 24-ஆம் தேதிக்கு அப்புறம்தான் விடுமுறை என்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

26-ஆம் தேதி நியூரம்பர்க்கிலிருந்து வியன்னாவுக்கு ரயில் ஏறினோம், நேரடி வண்டி, ஐந்து மணி நேரம் போல ஆகும். அங்கேயும் நகரமன்றத்துக்கு முன்னாலுள்ள பெரிய சந்தை 26-உடன் சரி. ஆனால் ஷோன்ப்ருன் அரண்மனை முற்றத்துச் சந்தை ஜனவரி முதல் வாரம் வரை நடக்கும் என்று தெரிந்து அங்கே போனோம். 27-ஆம் தேதி மாலை நாலு மணிக்கு இருட்டிவிட்டது. அரண்மனை மஞ்சள் வெளிச்சத்தில் நின்றது. மகள் அப்போதுதான் முதல்முறையாக, "அம்மா, இதுதான் நாம வந்த இடமா?" என்றாள்.

வியன்னாவைப் பிள்ளைக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வதற்குச் சந்தை காரணம் இல்லை. சந்தை ஒரு மணி நேரச் சமாசாரம், அதற்குமேல் எந்தக் குழந்தையும் நிற்காது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி, அதற்கு இந்த ஊரில் பதில் இருக்கிறது. 1752-இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை அந்த அரண்மனைத் தோட்டத்திலேயே இருக்கிறது, வருஷத்தில் 365 நாளும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸ் உட்பட. அரண்மனைக்குள் பிள்ளைகள் அருங்காட்சியகத்தில் இளவரசன் இளவரசி உடுப்பு மாட்டிவிடுகிறார்கள், என் மகன் மூன்று கிலோ கம்பளிக்கு மேல் அதையும் மாட்டிக்கொண்டு கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தான். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தலையை ஆட்டி உறுமும் டைனோசர் இருக்கிறது. அரசு அருங்காட்சியகங்களில் 19 வயசுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது, இது குடும்பத்தோடு போகும்போது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பணம் மாற்றிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை இருக்கிறதே, அது 1900 வாக்கில் இந்த ஊரில் எர்வின் பெர்ஸி என்பவர் உருவாக்கியது, அந்தக் குடும்பம் இன்னும் செய்துகொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டு வாங்கினோம், ஒன்று கோவை வந்து சேர்ந்தது.

சாப்பாடும் சைவக்காரர்களுக்கு மோசமில்லை. கைசர்ஷ்மார்ன் என்று பஞ்சு மாதிரி அப்பத்தைப் பிய்த்துப் போட்டு பிளம்ஸ் குழம்போடு தருவார்கள், முட்டை சேர்ந்தது, சில இடத்தில் ரம்மில் ஊறின திராட்சையும் இருக்கும், கேட்டுக்கொள்ளவும். தெருவோரத்தில் சுட்ட கஷ்கொட்டை, உருளைக்கிழங்கு வறுவல். பிள்ளைகளுக்குக் கிண்டர்புன்ஷ் என்று சாராயம் கலக்காத சூடான பழச்சாறு. கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும், எங்கள் வீட்டில் எதையும் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஒரு ஏமாற்றம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பனி. வியன்னாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி கிடப்பது இப்போதெல்லாம் அபூர்வம். பூஜ்யத்துக்கும் ஐந்து டிகிரிக்கும் நடுவே ஒரு நசநசத்த குளிர், அவ்வளவுதான். என் மகன் தினமும் காலையில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கோபமாகப் பார்ப்பான். நாலாவது நாள் ஸெம்மரிங் மலைக்குப் போனோம், ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயில் கொண்டுபோய்விடும். 1854-இல் திறந்த மலைப்பாதை, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, நம் ஊட்டி ரயில் மாதிரி. அங்கே சறுக்குவண்டியை வாடகைக்கு எடுத்து, பாதி இயற்கைப் பனி, பாதி இயந்திரம் தூவிய பனி, அதில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் போதும், பயணம் முழுக்க ஜீரணமாகிவிட்டது.

பனிதான் வேண்டும், கிறிஸ்துமஸ் தாத்தாவும் நேரில் வேண்டும் என்றால் பின்லாந்தின் ரொவானியெமி. இதற்கு நான் போகவில்லை, போவதாக இருந்து விலை விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன். கண்ணாடிக்கூரை அறையில் ஓர் இரவுக்கு எங்களுக்குச் சொன்ன தொகையில் வியன்னாவில் நாலு நாள் தங்கியிருந்தோம். ஆனால் போய்வந்த சிநேகிதி குடும்பம் குறை சொல்லவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஊரிலிருந்து 8 கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக் வட்டக் கோட்டின்மேலேயே தாத்தாவின் கிராமம். உள்ளே போக, தாத்தாவைப் பார்க்கக் கட்டணமில்லை, போட்டோவுக்குத்தான் காசு. 1950-இல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வருகிறார் என்று அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்களாம், அதிலிருந்து வளர்ந்தது. டிசம்பர் கடைசியில் சூரியன் பதினொரு மணிக்கு எழுந்து ஒன்றரை மணிக்குள் படுத்துவிடும். மைனஸ் பத்து சாதாரணம், மைனஸ் முப்பதும் நடக்கும். ஐந்திலிருந்து எட்டு வயசுக்குள், தாத்தாவை இன்னும் நம்புகிற பிள்ளை என்றால் மூன்று ராத்திரி போய்வரலாம். ஹெல்சிங்கியிலிருந்து படுக்கை வசதியுள்ள ராத்திரி ரயில் ஓடுகிறது, பிள்ளைகளுக்கு அதுவே பாதிப் பயணம். மூன்று வயசுக் குழந்தையை அந்தக் குளிருக்குக் கொண்டுபோவது நமக்கான ஆசையே தவிர அதற்கானதில்லை. பத்து வயசுக்கு மேல் போனால் அது தாத்தாவின் தாடியைத்தான் பார்க்கும்.

தாத்தா விஷயத்தில் இன்னொன்று. நாம் நினைக்கிற சிவப்புச்சட்டைத் தாத்தா எல்லா ஊரிலும் இல்லை. வியன்னாவிலும் நியூரம்பர்க்கிலும் 24 மாலை பரிசு கொண்டுவருவது கிறிஸ்ட்கிண்ட், அதாவது குழந்தை இயேசு. நியூரம்பர்க் சந்தையைத் திறந்துவைக்கும் பெண் போடுவது அதன் வேடம்தான், நிஜக் கிறிஸ்ட்கிண்டை யாரும் பார்க்கமுடியாது, மணிச்சத்தம் மட்டும் கேட்கும். டிசம்பர் 5, 6-இல் போனால் புனித நிக்கோலஸ் வருவார், கூடவே கொம்பும் சடைமுடியுமாக கிராம்புஸ் என்ற பூதம். ஐயனார் கோயில் பூதத்துக்கே கண்ணை மூடிக்கொள்ளும் குழந்தையை அந்த ஊர்வலத்தில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் ரோம். உண்மையில் நம் பள்ளி விடுமுறைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருப்பது இத்தாலிதான், இதை யாரும் சொல்வதில்லை. காரணம், அங்கே பண்டிகை ஜனவரி 6 வரை நீள்கிறது. இரண்டு வருஷம் கழித்து நாங்கள் 27-ஆம் தேதி இறங்கினோம், எதுவும் முடிந்துபோயிருக்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில் பெரிய மரமும் குடிலும் அப்படியே இருந்தன. சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அர்னோல்ஃபோ தி காம்பியோ செதுக்கிய குடில் சிலைகள் இருக்கின்றன. குடில் வைக்கும் வழக்கத்தையே புனித பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சியோ என்ற மலைக் கிராமத்தில் நிஜ மாடு, கழுதையோடு தொடங்கிவைத்தார் என்பார்கள். வீட்டில் குடில் கட்டும் குடும்பங்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

எங்களுக்கு அப்படி வழக்கமில்லை. நாங்கள் கொலு வைக்கிற வீடு. அதனால்தானோ என்னவோ, ரோமைவிட நேப்பிள்ஸ்தான் பிடித்துப்போனது. வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். சான் கிரெகோரியோ அர்மேனோ என்று ஒரு சந்து, இரண்டு பேர் கை கோத்துப் போகமுடியாத கூட்டம், இருபக்கமும் மண்பொம்மைக் கடைகள். குடிலில் மாதாவும் சூசையப்பரும் குழந்தையும் இருந்தால் போதாது அவர்களுக்கு. மீன்காரி, கசாப்புக்காரர், அடுப்பில் பீட்சா தள்ளுகிறவர், தண்ணீர் ஓடும் ஆலை, தூங்கும் இடையன், இதுபோக இந்த வருஷத்து அரசியல்வாதி, கால்பந்துக்காரர். நம் கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழே கிரிக்கெட் மைதானமும் செட்டியார் கடையும் வைப்போமே, அதே புத்தி. மகள் ஒரு காய்கறிக்காரியைப் பேரம் பேசி வாங்கினாள், கூடையில் மிளகளவு தக்காளி. இந்த வருஷம் எங்கள் கொலுவில் மூன்றாம் படியில் அவள் மயிலாப்பூர்க் காய்கறிக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அங்கே வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு தொம்போலா ஆடுவார்கள், 90 எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர். ஆமாம், நம் கல்யாண வீடுகளில், மகளிர் மன்றங்களில் ஆடும் அதே தம்போலாதான். தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவோடு மொழி தெரியாமலே மூன்று ஆட்டம் ஆடினோம். ஸ்த்ருஃபோலி என்று சீடை அளவு உருண்டைகளைப் பொரித்துத் தேனில் புரட்டிக் குவித்து வைத்திருந்தார். என் மகன் அதைச் சீடை என்றே சொல்லிக் கேட்டான், அவரும் கொடுத்தார்.

ஜனவரி 5 ராத்திரி பெஃபானா வருவாள். துடைப்பத்தில் பறந்துவரும் கிழவி, நல்ல பிள்ளைக்கு மிட்டாய், குறும்புப் பிள்ளைக்குக் கரி. ரோமில் நவோனா சதுக்கத்துச் சந்தை முழுக்க அவள் பொம்மைதான். கரி என்று கடையில் விற்பது கறுப்புச் சர்க்கரைக் கட்டி, பார்த்தால் அசல் அடுப்புக்கரி.

ரோமில் பகலில் 12, 13 டிகிரி. ஸ்வெட்டரும் ஒரு கோட்டும் போதும். இது சின்ன விஷயமாகத் தெரியும், தெரியாதவர்களுக்கு. நியூரம்பர்க்கில் நான் ஒருநாள் எண்ணினேன்: மகனுக்குக் கழிப்பறை போகவேண்டும் என்றால் கையுறை, கழுத்துத்துணி, கோட்டு, உள்ளே இன்னொரு கோட்டு, மேல்கால்சட்டை, உள்கால்சட்டை. அதற்குள் வாசலில் நிற்கும் தானியங்கிக் கதவுக்கு அரை யூரோ நாணயம் தேடவேண்டும், அது வீட்டுக்காரரின் பையில், வீட்டுக்காரர் காப்பிக் கடையில். மிச்சத்தை எழுதவில்லை. ரோமிலும் எதிர்மறை இல்லாமல் இல்லை. கருங்கல் பாவிய தெருவில் தள்ளுவண்டி பல்லை ஆட்டும், நேப்பிள்ஸில் ஒரு கை எப்போதும் பையின்மேல் இருக்கவேண்டும், கொலோசியம் டிசம்பர் 25-உம் ஜனவரி 1-உம் மூடல், வாத்திகன் அருங்காட்சியகங்கள் 25, 26 மூடல். வெளிச்ச அலங்காரத்தில் வியன்னாவுக்குப் பக்கத்தில் வரமுடியாது. மரத்துக்கு மரம் விளக்கு எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

பள்ளிக்கு நாலு நாள் லீவு போடவேண்டி வருமே என்பீர்கள். வரும். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் போடும் நாலு நாளுக்கு டீச்சர் முகத்தைச் சுளிப்பதோடு சரி, டிசம்பர் பதினைந்தில் போட்டால் அரையாண்டுத் தேர்வே போய்விடும்.

லண்டனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே சித்தியோ அத்தையோ இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு அது வேண்டாம். விசா தனி, 25-ஆம் தேதி பஸ், மெட்ரோ, ரயில் எதுவுமே ஓடாது.

எந்த ஊரானாலும் முதல் இரண்டு நாள் மாலைக்கு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வியன்னாவில் மாலை 5 மணி என்றால் நம் பிள்ளை உடம்புக்கு இரவு ஒன்பதரை. விளக்கெல்லாம் ஏற்றி அழகாக இருக்கும் நேரத்தில் தோளில் தூங்கிவிழும், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பசிக்கிறது என்னும். நல்லவேளை, நாலு மணிக்கே இருட்டுவதால் தூங்குமுன் விளக்கைக் காட்டிவிடலாம், அந்த ஊர்க் குளிர்காலம் நமக்குச் செய்யும் ஒரே சலுகை.

விசா விஷயத்தில் தள்ளிப்போட்டுத் திண்டாடினோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஷெங்கன் விசாவுக்கு (லண்டன் தவிர இங்கே சொன்ன எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே விசா) விண்ணப்பிக்கலாம், டிசம்பருக்கு எல்லோரும் அக்டோபரில் கிளம்புவதால் அப்போது விசா மையத்தில் நாள் கிடைக்காது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயசிலிருந்து 12-க்குள் 45, ஆறுக்குக் கீழே இலவசம். 12 வயசுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை கிடையாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதிக ராத்திரி எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்கவேண்டும், ஆகவே ஊரை முடிவு செய்யாமல் விசாவைத் தொடமுடியாது.

தங்கைக்கு நான் சொன்னது இது. பையன் பனி பனி என்று உயிரை எடுக்கிறான் என்றால் 26-ஆம் தேதி கிளம்பி வியன்னா, நடுவில் ஒருநாள் ஸெம்மரிங், ஜனவரி 3-க்குத் திரும்பு. இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு ரோமும் நேப்பிள்ஸும், பெஃபானாவைப் பார்த்துவிட்டு 7-ஆம் தேதி விமானம், அன்றைக்குக் கட்டணமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கமுடியாதா என்று கேட்டாள். முடியும், ராத்திரி ரயிலே இருக்கிறது. ஆனால் ஆறு வயசுப் பையனோடு பத்து நாளில் மூன்று ஊர், நாலு பெட்டி. வேண்டாம்டி என்றேன். "யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி: அந்தக் கரி மிட்டாயை விமானத்தில் கொண்டுவர விடுவார்களா? விடுவார்கள். நாங்கள் கொண்டுவந்தது மார்ச் வரை அலமாரியில் இருந்தது, அப்புறம் எறும்பு கண்டுபிடித்துவிட்டது.